காட்டுப் பாதைக்கு எந்த ஸ்பேனர், எந்த உதிரிப்பாகம்? ஹைலக்ஸ் வாங்கிய தம்பிக்கு ஒரு பதில்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2012ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், பழைய வண்டியாக வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் இன்னும் மூன்று வண்டிகளோடு பகாங் மாநிலத்துக் கோலா லிப்பிஸ் பக்கம் மரவெட்டுப் பாதையில் மூன்று நாள் பயணம். கடையில் 216 துண்டுகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்றை 1,800 வெள்ளிக்குக் காட்டினார்களாம். அதை வாங்கலாமா, உதிரிப்பாகம் எதையெல்லாம் எடுப்பது, எல்லாவற்றையும் எப்படி அடுக்குவது என்பதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, அந்தப் பெட்டியை இப்போதைக்கு வாங்காதீர்கள். அதில் பாதித் துண்டுகள் உங்கள் வண்டியில் எங்குமே பொருந்தாது. உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய சில துண்டுகள் அதில் இருக்காது. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாதைகளில் ஓட்டி, என் வண்டிக்கும் மற்றவர் வண்டிக்கும் அடியில் சேற்றில் படுத்து வேலை பார்த்த பிறகு நான் ஒரே ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையால் ஒரு முறையாவது கழற்றி மாட்டிய பாகத்தை மட்டும் உதிரியாக எடுங்கள். அதைக் கழற்ற எந்தக் கருவி உதவியதோ அதை மட்டும் பையில் போடுங்கள்.

இதைக் கற்றுக்கொண்டது மெராப்போ பக்கம் ஓர் இரவில். நாங்கள் மூன்று வண்டி. ஓர் ஏற்றத்தில் என் வண்டியின் பின் புரொப் ஷாஃப்டில், அதாவது சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளமான தண்டில், இருந்த குரோஸ் ஜாயின்ட் என்ற சிலுவை வடிவ இணைப்பு உடைந்தது. புதிய ஜாயின்ட் ஒன்று இரண்டு வருடமாக என் பெட்டியில் இருந்தது. மழையில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் பொட்டலத்தைப் பிரித்து, உடைந்ததன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூடிகளின் விட்டம் கொஞ்சம் பெரிது. வேறு மாடலுக்கானது. கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் வீட்டில் ஒரு தடவை பிரித்து அளந்து பார்க்கவில்லை. சரியான ஜாயின்டாக இருந்திருந்தாலும் அன்று மாட்டியிருக்க முடியாது. ஜாயின்டைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கழற்றும் பிளையர் வீட்டில் கிடந்தது.

கடைசியில் எங்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டு வந்தது இரண்டு 14 மி.மீ. ஸ்பேனர்கள். ஒன்றால் போல்ட்டைப் பிடித்து, இன்னொன்றால் நட்டைக் கழற்றி, பின் ஷாஃப்டை முழுவதுமாக எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டோம். நான்கு சக்கர இயக்கத்துக்கான கியரை எச்4 நிலையில் வைத்தால், பின் ஷாஃப்ட் இல்லாததால் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். சமதரையில் மெதுவாக வந்தோம், ஏற்றங்களில் முன்னால் போன நண்பர் கட்டி இழுத்தார். விடியும்போது தார்ச்சாலையில் இருந்தோம். நீங்களும் இதை ஞாபகத்தில் வையுங்கள்: பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் பின் ஷாஃப்ட் போனால் முன் சக்கரத்தில் வீடு திரும்பலாம். கழற்றுவதற்கு முன் போல்ட் போட்டுச் சேரும் இரண்டு தட்டுகளின் (ஃபிளாஞ்ச்) மேலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். ஜப்பான் வண்டிகளில் நட்டுகளின் தலை அளவு ஒரு சின்னக் குடும்பம்தான்: 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. சக்கர நட்டுக்கு உங்கள் ஹைலக்ஸில் 21. முன்பு வைத்திருந்தவர் வேறு நட்டு மாற்றியிருந்தால் அளவும் மாறியிருக்கும், அதனால் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ஆயத்தப் பெட்டிகளில் பெருமையாக வரும் 13, 15, 16, 18 எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளின் அளவுகள். எட்டு மி.மீ. தடிமன் போல்ட்டுக்கு ஜப்பான்காரர்கள் 12 தலை வைப்பார்கள், மற்றவர்கள் 13 வைப்பார்கள். 13 சாக்கெட்டை 12 நட்டில் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும், அப்புறம் அதைக் கழற்ற யாராலும் முடியாது. உங்கள் கூட்டத்தில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இருந்தால் அவர் பையைப் பாருங்கள், இஞ்ச் அளவும் மி.மீ. அளவும் கலந்து சுமந்துகொண்டிருப்பார்: சக்கர நட்டுக்கு 27, புரொப் ஷாஃப்டுக்கு 9/16 இஞ்ச், ஹப் நட்டுக்கு 52. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பை ஏன் வேண்டும் என்பது அதைப் பார்த்தாலே புரியும்.

10, 12, 14 ஸ்பேனர்களில் இரண்டிரண்டு எடுங்கள். போல்ட்டின் தலையை ஒரு பக்கம் பிடித்து நட்டை மறுபக்கம் கழற்றும் வேலைதான் அடிப்பகுதியில் அதிகம். சாக்கெட்டில் பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனை வாங்குங்கள். நம் ஈரத்தில் துருப்பிடித்த நட்டை ஆறு முனைதான் வழுக்காமல் பிடிக்கும். அரை இஞ்ச் ராட்செட் கைப்பிடி ஒன்று, நீளமான பிரேக்கர் பார் ஒன்று, அதன்மேல் மாட்ட அறுபது செ.மீ. இரும்புக் குழாய் ஒன்று. ஒரு கிலோ சுத்தியல், வைஸ் கிரிப் (இறுக்கிப் பூட்டும் பிளையர்) இரண்டு, சர்க்கிளிப் பிளையர், கம்பி வெட்டும் பிளையர், இரும்பறுக்கும் பிளேடு, ஒரு தட்டை அரம், ஆலன் சாவிகள், சாதாரண மல்டிமீட்டர். ஜப்பான் வண்டியின் நட்சத்திரத் திருகாணிகளுக்கு வழக்கமான ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராது, ஜப்பான் தரத்தில் செய்த டிரைவர் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பிடிப்பு எவ்வளவு மாறுகிறது என்பது முதல் திருகாணியிலேயே தெரியும். அவ்வளவுதான் பை. தூக்கினால் பன்னிரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

அந்தப் பையை உருவாக்கும் வழி கடையில் இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒதுக்குங்கள். கருவிகளை எல்லாம் ஒரு பழைய கான்வாஸில் பரப்பி வைத்துவிட்டு, பயணத்துக்கு முன் எப்படியும் செய்ய வேண்டிய வேலைகளை நீங்களே செய்யுங்கள்: பெல்ட், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். பிறகு ஒரு சக்கரம், ஒரு பின் பிரேக் டிரம். கையில் எடுத்த கருவி பைக்குள் போகட்டும், எடுக்காதது அலமாரிக்குத் திரும்பட்டும். தெரிந்த பொமன் (மெக்கானிக்) ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கை உங்களுடையதாக இருக்கட்டும். அன்று கழற்றிய பழைய பெல்ட்டும் ஹோஸும் வெடிப்பில்லாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவைதான் உங்கள் முதல் உதிரிகள். வண்டியில் ஓடிக்கொண்டிருந்தவை என்பதால் பொருந்துமா என்ற சந்தேகமே இல்லை. புதியது வண்டியில், பழையது பையில்.

எஞ்சினின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் மட்டும் வேறு கதை. முன்பு வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று ரசீது இல்லையென்றால் பயணத்துக்கு முன் வொர்க்‌ஷாப்பில் மாற்றிவிடுங்கள். உங்கள் எஞ்சினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். காட்டில் அதற்கு மருந்தே கிடையாது.

உதிரிப்பாகத்தில் முதலிடம் பெல்ட்டுக்கு. அது அறுந்தால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், காற்றாடி மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அடுத்து டீசல் ஃபில்டர், ஒன்றல்ல, இரண்டு. மலேசியாவில் 2019இல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கையும் கிளப்பிக்கொண்டு வரும். வருடக்கணக்கில் நகரத்திலேயே ஓடிய வண்டி, காட்டில் டேங்க் குலுங்கும்போதுதான் அந்த அழுக்கை ஃபில்டருக்கு அனுப்பும். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்காமல் திணறினால் முதலில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றிய பிறகு ஃபில்டரின் தலையில் இருக்கும் கைப் பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். சனிக்கிழமை இதைச் செய்து பழகியிருந்தால் காட்டில் இருபது நிமிட வேலை.

ஹோஸ், அதற்கான கிளிப்புகள், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப். எல்லா அளவிலும் இரண்டிரண்டு ஃபியூஸ், ஒரு ரிலே, ஹெட்லைட் பல்பு. பிரேக் ஆயில் திறக்காத சிறிய போத்தலாக இருக்கட்டும், திறந்து வைத்தது ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். எஞ்சின் ஆயில் நான்கு லிட்டர், கியர் ஆயில் இரண்டு லிட்டர், கூலன்ட் கொஞ்சம், குடிக்கவும் ரேடியேட்டரில் ஊற்றவும் ஆகும் சுத்தமான தண்ணீர் பத்து லிட்டர்.

சேசிஸ் பக்கம் மூன்று பாகம் போதும், இவற்றையும் முதலில் சொன்ன விதிப்படி ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். குரோஸ் ஜாயின்ட், அளந்து பார்த்தது. ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை, அதாவது டை ராட் எண்ட், ஒரு பக்கத்துக்கு, அதன் நட்டும் பூட்டுப் பின்னும் சேர்த்து, ஏனென்றால் மரக்கட்டையில் முன் சக்கரம் அடித்தால் முதலில் வளைவது அந்தப் பக்கம்தான். மூன்றாவது, பின் லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட். சில வெள்ளிதான் விலை, ஆனால் அது உடைந்தால் அச்சு இடம் மாறி வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்க வேண்டாம்.

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், இன்ஜெக்டர் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான்கு வண்டி சேர்ந்து போகும் மூன்று நாள் பயணத்துக்கு வேண்டாம். ஆல்டர்னேட்டர் சேற்றில் செத்தால் ஏர்கானையும் விளக்கையும் அணைத்துவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், இறங்கிப்போனால் நண்பர் வண்டியின் பேட்டரியோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் போனால் மேனுவல் கியர் வண்டியைத் தள்ளியோ இழுத்தோ கிளப்பலாம். டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரைச் சேற்றுக்கு நடுவே திறப்பது தவறு, ஒரு துளி அழுக்கு போதும் அதைக் கெடுக்க. பழைய வண்டிகளை வெட்டிப் பாகமாக விற்கும் ஹாஃப்கட் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பாகங்களை வாங்கிக் குவிப்பவர்களும் இருக்கிறார்கள். கதவு, விளக்கு, கியர் பெட்டிக்கு அந்தக் கடைகள் நல்லவை. ரப்பரும் பிரேக் பாகமும் அங்கே வாங்காதீர்கள், அவற்றின் வயது யாருக்கும் தெரியாது.

உதிரி இல்லாத இடத்தில் கைகொடுக்கும் சில பொருள்களும் பையில் இருக்க வேண்டும். கட்டுக்கம்பி ஒரு சுருள், பெரிய கேபிள் டை ஒரு கட்டு, இரண்டு ராட்செட் பட்டை, உலோகத்தில் ஒட்டும் எப்பாக்ஸி மாவு, ஒரு துணி சோப்புக் கட்டி. சோப்பு எதற்கு என்றால், டேங்கில் கல் குத்திக் கசிந்தால் ஓட்டையில் சோப்பை அழுத்தித் தேய்க்கும்போது கசிவு தற்காலிகமாக நிற்கும், எண்ணெய் அதைக் கரைக்காது. பிரேக் ஹோஸ் கிழிந்தால் கிழிந்த இடத்துக்கு மேலே வைஸ் கிரிப்பால் இறுக்கிப் பிடித்தால் மற்ற சக்கரங்களின் பிரேக் மிஞ்சும். அப்படி வந்தால் நடைவேகத்தில் வர வேண்டும். லீஃப் உடைந்தால் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்துப் பட்டையால் கட்டலாம். மரக்கட்டைக்குப் பாராங் கத்தி வேண்டும், விழுந்து கிடக்கும் மரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி டயர். உங்கள் வண்டியில் ஸ்பேர் டயர் பின்தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பின் பம்பர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் திருகினால் இறங்கும். வாங்கிய பிறகு ஒரு முறையாவது இறக்கிப் பார்த்தீர்களா? பல வருடம் தொடாமல் விட்ட சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கும். செம்மண் சேறு காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும். டயர் இருந்தும் இறக்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் சனிக்கிழமை இறக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு, காற்றைப் பார்த்து ஏற்றுங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் ஸ்பேரைத் தொட்டியின் உள்ளே எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் இன்னும் நல்லது, அடியில் தட்டாது.

வண்டியோடு வந்த ஜெக் நல்லதுதான், ஆனால் சேற்றில் அது இறங்கிப்போகும். நாற்பதுக்கு நாற்பது செ.மீ. தடித்த பிளைவுட் பலகை ஒன்று கூட எடுங்கள். ஸ்டாண்டு இல்லாத இடத்தில் கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கையை விட வேண்டும். ஹை-லிஃப்ட் ஜெக் பார்க்க அழகாக இருக்கும், பழகாத கையில் கைப்பிடி தாடையை உடைக்கும். பயணத்துக்கு முன் பழக நேரமில்லையென்றால் எடுக்காதீர்கள். டயர் பிளக் செட், வால்வு ஊசிகள், பன்னிரண்டு வோல்ட் காற்று பம்ப், காற்று அளக்கும் மீட்டர் நான்கும் கட்டாயம். சேற்றில் இருபது பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்குவீர்கள், தார்ச்சாலைக்கு வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும்.

வண்டியை மீட்கும் சாமான்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். டிரெய்லர் இழுக்கும் பந்தில் கயிற்றை மாட்டி யாரையும் இழுக்க விடாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்தால் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைக்கும், உயிர் போயிருக்கிறது. சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி, 4.75 டன் என்று அச்சடித்த ஷாக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்), நீளும் தன்மையுள்ள இழுவைப் பட்டை. இழுக்கும்போது பட்டையின் மேல் ஒரு கனமான கான்வாஸ், ஆட்கள் எல்லாரும் தள்ளி.

அடுக்குவதில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். இரும்புப் பெட்டி வேண்டாம். அது துருப்பிடிக்கும், குலுங்கிக்குலுங்கிச் சத்தம் போடும், விபத்தில் ஆளை அடிக்கும். ஸ்பேனர்களைக் கான்வாஸ் சுருளில் சொருகிச் சுருட்டிக் கட்டினால் சத்தமே வராது. மழை இரவில் அதைத் தரையில் விரித்தால் எந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும், ஒரு ஸ்பேனரையும் காட்டில் விட்டுவிட்டு வர மாட்டீர்கள். உதிரிகளை மூடி உள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் பிரியுங்கள்: காய்ந்தது ஒன்றில், எண்ணெய் வகை இன்னொன்றில். எண்ணெய்ப் போத்தல் எப்போதாவது கசியும். அது உதிரி பெல்ட்டின் மேல் கசிந்தால் பெல்ட் வீண்.

ஒவ்வொரு உதிரியையும் தனித்தனியாகத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதற்கு வேண்டிய நட்டு, பின், கிளிப் எல்லாவற்றையும் அதே பையில் சேர்த்து, மேலே மார்க்கரில் எழுதுங்கள்: டை ராட் எண்ட், என்னென்ன ஸ்பேனர், சுத்தியல். களைத்துப்போய், நனைந்து, அட்டை காலில் ஏறிக்கொண்டிருக்கும்போது யோசிக்கும் வேலையை அந்த எழுத்து செய்துவிடும். வண்டி உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையில் இருந்தாலும் அவருக்கும் புரியும். அந்த இரவுக்குப் பிறகு என் பைகளில் எழுத்து இல்லாத பொட்டலம் ஒன்றுகூடக் கிடையாது.

கனமான பெட்டிகள் தொட்டியின் தரையில், பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநர் அறையை ஒட்டி இருக்க வேண்டும். ராட்செட் பட்டையால் தரைக் கொக்கியில் கட்டுங்கள். கையால் பிடித்து உலுக்கினால் வண்டிதான் ஆட வேண்டும், பெட்டி ஆடக்கூடாது. கூரையில் கனமான எதையும் ஏற்றாதீர்கள். சரிவில் பக்கவாட்டில் போகும்போது கூரையில் இருக்கும் ஐம்பது கிலோ உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும். தலைவிளக்கு, கையுறை, கத்தி, காற்று மீட்டர், தீயணைப்பான், முதலுதவிப் பை ஆகியவை மட்டும் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில். வன ஒதுக்ககத்துக்குள் போவதற்கான மாநில வன இலாகா அனுமதிச்சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அங்கேயே வையுங்கள்.

நான்கு வண்டி போகிறீர்கள் என்பதால் கிளம்புவதற்கு முதல் வாரம் எல்லாரும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து பட்டியலை ஒப்பிடுங்கள். இரண்டு ஹைலக்ஸ் இருந்தால் குரோஸ் ஜாயின்ட் ஒருவரிடம், டை ராட் இன்னொருவரிடம் போதும். காற்று பம்ப் இரண்டு வண்டியில். ஆனால் சக்கர ஸ்பேனர், ஃபியூஸ், பெல்ட், டீசல் ஃபில்டர் நான்கும் பங்கு போடக்கூடாதவை, அவரவர் வண்டியில் அவரவருடையது. கை வேலை நன்றாகத் தெரிந்தவர் கடைசி வண்டியில் வரட்டும். முன்னால் போய்விட்டால் வழுக்கும் ஏற்றத்தில் அவரைத் திரும்ப அழைப்பது பெரும்பாடு, போன் லைனும் கிடைக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை பகாங் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரம். உங்கள் பயணம் அதற்குள் விழுந்தால் உதிரியைக் கூட்டுவதைவிட ஒரு நாள் உணவையும் டீசலையும் கூட்டுங்கள், ஆறு இறங்கும்வரை காத்திருக்க அதுதான் உதவும்.

வேலை செய்யும்போது கீழே கான்வாஸ் விரியுங்கள். சேற்றில் விழுந்த நட்டு கிடைக்காது. கழற்றியவற்றைப் போட ஒரு வெள்ளைப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். வடித்த எண்ணெயைக் காலிப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அந்த ஓடைகளின் கீழ்ப்பக்கத்தில் ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்கள் இருக்கின்றன, அவர்கள் குளிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்.

திரும்பி வந்த மறுநாள் வண்டியைக் கழுவும்போது ரேடியேட்டருக்கு நடுவில் உள்ள சேற்றைப் பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரால் தள்ளுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். முன், பின் அச்சுகளின் நடுவே இருக்கும் கியர் பெட்டி (டிஃப்) இரண்டிலும் மேல் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் ஆறு உள்ளே போயிருக்கிறது, அன்றே மாற்றுங்கள், டிஃபின் காற்று போகும் பிரீதர் குழாயையும் பாருங்கள். ஸ்பேனர்களைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் தடவி, வெயிலில் காய்ந்த கான்வாஸில் சுருட்டுங்கள். பயன்படுத்திய உதிரி எதுவோ அதற்கு அந்த வாரமே இன்னொன்று வாங்கி, பிரித்து, அளந்து, ஸ்பேனர் அளவை எழுதிப் பெட்டியில் வையுங்கள்.